கொசுறாக வந்த பாக்கெட்

நீதான். வேறு யாருமில்லை. பச்சைப்பிள்ளையின் அழுகைக்கு மேலே உன் அழுகையைக் கொண்டுவந்து போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சிப்டுக்குப் போனது நீதான். உன் பேர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது, எந்த ஊர்ச் சோறு தின்று வளர்ந்த உடம்பு என்றும் தெரியாது. ஆனால் நீ செய்தது தெரியும். உன் சுமையை இறக்கி வைத்தாய், அது போய் உட்கார்ந்தது ஒன்றரை மாதப் பிள்ளையின் தொண்டைமேல். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்வாயானால், நடந்ததை முதலிலிருந்து கேள், கேட்டபிறகு அந்த வார்த்தை உன் வாயில் வருகிறதா பார்.

திருப்பூரில் தண்டவாளத்துக்கு அந்தப்புறம், பதினாலு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே சிமென்ட் வாசல் என்று கிடக்கிற லைன் வீட்டில் மூன்றாம் நம்பரில் குடியிருக்கும் நாச்சிமுத்து, பனியன் கம்பெனிகளில் கழிகிற துண்டுத் துணியை மூட்டை மூட்டையாக வாங்கி, மெஷின் துடைக்கிறவர்களுக்கு விற்கிறவன். பதிமூன்று வயதில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்கே, கேட்ட விலையைக் கொடுத்து ஒரு ஜோடிச் செருப்பு வாங்கி, பொழுது சாயும்போதுதான் இரண்டுமே இடது காலுக்கானவை என்று கண்டுபிடித்து, வேறு வழியில்லாமல் அதையே எட்டு மாதம் போட்டு நடந்தவன். அந்தக் கால்வலிதான் அவன் படித்த பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு அவன் எவன் சொன்ன விலைக்கும் எதையும் வாங்கியதில்லை, கீரைக்காரி கட்டு பத்து என்றால் கட்டோடு நாலு பச்சைமிளகாய் கொசுறு வாங்காமல் நகரமாட்டான், கல்யாணமாகிப் பதினோரு வருசம் கழித்துப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரித் தாதியிடம், "ஒண்ணுதானுங்களா? கூட எதும் இல்லீங்களா?" என்று கேட்டு, பிரசவ வலி தீராத கலாமணியைச் சிரிக்கவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். கோபம் மூக்கு நுனியில். ஆனால் அந்தப் பெண்பிள்ளையைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அவன் கத்துகிறபோதுகூட வாசலுக்குப் போய்த்தான் கத்தினான்.

பை வாங்குகிற பேச்சு நாற்பதாம் நாள் வந்தது. அதுவரைக்கும் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில்தான் பிள்ளையின் சாமானெல்லாம் போய்வந்தது. தடுப்பூசிக்குப் போன அன்றைக்கு ஈரத்துணி காய்ந்த துணியை நனைத்து, பால் பாட்டில் சாய்ந்து, ஊசி அட்டையில் டாக்டரின் எழுத்தெல்லாம் கரைந்து ஓடியதும், கலாமணி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லிவிட்டாள்.

"நாளைக்குப் பை வேணும். பொம்ம போட்டதா பூப் போட்டதான்னு எனக்கு அக்கறையில்லீங்க. வாய் அகலமா இருக்கோணும். ஒரு கையில புள்ளைய வெச்சுட்டு ஒத்தக் கையில தொறக்கறாப்பல ஜிப்பு ஓடோணும். ஈரத்துணிக்குத் தனி அறை, அதுக்கு உள்ளார தண்ணி எறங்காத துணி. பாட்டில் வெச்சா நிக்கோணும். உள்பக்கம் வெளிர் கலரா இருக்கோணும், கெணத்துக்குள்ள தேடறாப்பல என்னால தேட முடியாது. தோள்ல மாட்டுனா பட்டை அறுக்கக் கூடாது. அழுக்கானா தொவைக்கோணும்."

"அவ்வளவுதானா, எஞ்சினு வேண்டாமா?" என்றான் நாச்சிமுத்து.

"நீங்க ஒருநா சுமந்து பாருங்க, எஞ்சினும் கேப்பீங்க."

மறுநாள் காலையில், செகண்ட்ஸ் மார்க்கெட்டில் அந்தோணியம்மாள் கடையின் ஷட்டரைத் தூக்கிச் சாம்பிராணி போடும்போதே அவன் போய் நின்றுவிட்டான். அது அவனுடைய வழக்கம். போணிக்கு வந்த முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் நடக்காது என்று மார்க்கெட்டில் எல்லாருக்கும் ஒரு பயம்; அந்தப் பயத்தைப் பிடித்துத் தொங்கித்தான் நாச்சிமுத்து இத்தனை வருசம் வாங்கியிருக்கிறான். அந்தோணியம்மாள் ஏற்றுமதியில் கழிந்த மழைக்கோட்டுத் துணியில் தானே வெட்டித் தானே தைத்துப் பை விற்கிறவள். அவனைக் கண்டதும் அவள் முகம் புளியைக் கடித்தமாதிரி ஆனது.

ஏழு பைகளைக் கீழே இறக்கினான். பெரிய பூப் போட்டதை மோந்து பார்த்து, "ரசாயன வாடை, புள்ளைக்கு ஆகாது" என்று தள்ளினான். சக்கரம் வைத்ததைத் தள்ளிப் பார்த்து, "எங்க வாசல்ல உருளாது" என்றான். ஆளுயரத்துக்கு அறை அறையாக இருந்ததைத் தூக்கிப் பார்த்து, "வெறும் பையே இந்தக் கனமா?" என்றான். கடைசியில் சாம்பல் நிறத்தில், உள்ளே மோர் நிறத் துணி வைத்த ஒன்றை எடுத்து, ஜிப்பைப் பன்னிரண்டு தடவை ஒற்றைக் கையால் திறந்து மூடி, தையலை நகத்தால் நெம்பி, ஈரத்துணி அறையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சொட்டுகிறதா என்று அவள் ஏற்றிவைத்த ஊதுபத்தி அணைகிறவரைக்கும் நின்று, பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு செங்கல்லை உள்ளே போட்டுத் தோளில் மாட்டி மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பட்டை அறுக்கவில்லை. அதை மட்டும் அவன் வெளியே சொல்லவில்லை.

அவள் ஒரு விலை சொன்னாள். அவன் அதில் பாதி சொன்னான். அவள் துணியின் தரம் சொன்னாள், அவன் அது கழிவு என்றான். அவள் கைத்தையல் என்றாள், அவன் கோணல் என்றான். மூன்று அடி போனான், திரும்பிப் பார்க்காமல் நின்றான். சாம்பிராணிப் புகை அடங்கிக்கொண்டிருந்தது. "போணி நேரத்துல வந்து கழுத்தறுக்கறியேண்ணா" என்று அவள் பையை நீட்டினாள்.

"கொசுறு?" என்றான் நாச்சிமுத்து.

"கொசுறா!"

"வெறும் பையக் குடுத்தா எப்படி? ஒரு பாக்கெட்டாவது வெச்சுக் குடு."

அவள் மெஷினில் உட்கார்ந்தாள். மிச்சத் துணியில் ஒரு சாண் பாக்கெட்டை மடித்து, சின்ன ஜிப்பு ஒன்றை வைத்து, பையின் உட்பக்கச் சுவரில் ஒட்டித் தைத்தாள். தைக்கும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை, அது ஊசிக்குப் பக்கத்தில் விழுந்து நூலோடு போனது. "இதுக்கு மேல எங்கிட்ட என்னண்ணா இருக்கு? அழுகைதான் இருக்கு."

"அதுக்கும் எடம் இருக்குது, போடு" என்றான் நாச்சிமுத்து, ஜெயித்தவனின் வாயோடு. அவள் அவனை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பை நல்ல பை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கலாமணி கேட்டதெல்லாம் அதில் இருந்தது, பாட்டில் நின்றது, கண் மூடித் துழாவினாலும் துண்டு எது தொப்பி எது என்று கைக்குத் தெரிந்தது. பிள்ளைதான் அழுதுகொண்டே இருந்தது. வயிற்று வலியோ வாயுவோ, காலையில் ஆரம்பித்தால் கம்பெனிச் சங்கு மூன்று தடவை ஊதுகிறவரைக்கும், முகம் நீலமாகிறவரைக்கும் அழுதது. இரவு சிப்டு முடித்துப் பகலில் தூங்குகிற எட்டு வீட்டுக்காரர்களும் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு நாச்சிமுத்துவின் குலத்தையே திட்டினார்கள். மூன்றாம் நாள் மதியம், கலாமணி ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, அவசரத்தில் ஈரத்துணியை அதன் அறைக்குப் பதிலாக அந்தக் கொசுறுப் பாக்கெட்டில் திணித்தபோது, துணியோடு சேர்ந்து அழுகையும் உள்ளே போய்விட்டது. ஜிப்பை இழுத்தாள். பிள்ளையின் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் இல்லை. ஓட்டின் மேலே காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு பிள்ளை வாயை மூடிக்கொண்டு, விரலைச் சப்பியபடி, அம்மாவை ஏறிட்டுப் பார்த்தது.

"ஏனுங்க, அழுவை பைக்குள்ள போயிருச்சு" என்றாள் கலாமணி.

"சரி, உட்ரு. புள்ள தூங்கட்டும்" என்றான் நாச்சிமுத்து.

"எடுத்துக் குடுத்தரலாங்க. அவளோடதுங்க அது."

"சும்மா வந்த வசதிய எவளாச்சும் வேண்டாம்பாளா? நாலு நாள் போகட்டும் புள்ள. நீயும் சித்தத் தூங்கு."

அவளும் தூங்கினாள். நாற்பது நாள் தூங்காத உடம்பு, பழி சொல்வதற்கில்லை. லைன் முழுக்கத் தூங்கியது. ஈரத்துணி மட்டும் மறுநாள் எடுத்தபோது காய்ந்திருந்தது. அழுகை பாக்கெட்டின் அடியில், பூனைக்குட்டி மாதிரிச் சுருண்டு கிடந்தது.

செய்தி குழாயடியில் ஒரு குடம் நிறைகிற நேரத்துக்குள் பதினாலு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. "நல்லதாப் போச்சு", "எங்க கம்பெனியிலயும் இப்படி ஒரு பை வெச்சா மெஷின் சத்தத்தப் போடலாம்" என்றார்கள். அஞ்சாம் நம்பரில் இருக்கிற ஜெயக்கொடி, செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றபடி பனியனில் ஓட்டை பார்க்கிறவள், ஒரு சாயங்காலம் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி வந்தாள். "கலா, சூப்பர்வைசரு எல்லாரு முன்னாலயும் பேசிப்புட்டான். நாளைக்கு அவன் முன்னாடி கண்ணு கலங்கிரக் கூடாது. சித்த அந்தப் பையத் தர்றியா?" பாக்கெட்டுக்குள் முகத்தை வைத்து ஒரு மூச்சு அழுதாள், ஜிப்பை மூடினாள், தேய்த்த துணி மாதிரி முகத்தோடு போனாள். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் வரிசை. கடன்காரன் வந்து போன வீட்டின் அழுகை, ஊரில் விட்டுவந்த பிள்ளைகளுக்கான அழுகை, காரணம் கேட்டால் சொல்லத் தெரியாத அழுகை, எட்டு வருசம் முன்னால் செத்துப்போன பொண்டாட்டிக்காக அயர்ன் மாஸ்டர் பொன்னுரங்கம் ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்திருந்த அழுகை, எல்லாம் அந்த ஒரு சாண் பாக்கெட்டுக்குள் போயின. யாரோ பட்டையில் மஞ்சள் தடவினார்கள். வெள்ளிக்கிழமை பூ வைத்தார்கள். ஈரத்துணிக்கும் பாட்டிலுக்கும் வாங்கிய பை ஆணியில் தொங்க, பிள்ளையின் சாமான் மறுபடியும் கட்டைப்பைக்கே போனது.

நாச்சிமுத்துவா சும்மா இருப்பான்? குழாயில் அவன் வீட்டுக்குக் கடைசி முறை; பையைக் கொடுத்து முதல் முறையை வாங்கிக்கொண்டான். வாசலில் கொடி கட்டுகிற நல்ல மூலையை வாங்கிக்கொண்டான். "கொசுறா வந்த பாக்கெட்டுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டான். கலாமணி ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டாள். "நாலு நாள்னீங்களே?" அவன் ஒவ்வொரு தடவையும் நாலு நாள் என்றான். வீட்டுப் பெண்டுகள் பேரம் பேசத் தெரியாதவர்கள் என்று அவனுக்கு எண்ணம்.

ஜெயக்கொடியின் அப்பா செத்தபோதுதான் முதல் நெருடல். ஊரில், தேனியிலிருந்து வந்த சொந்தமெல்லாம் மாரடிக்க, பெற்ற மகள் வெயில் அடித்த சுவர் மாதிரி நின்றாள். அவள் அத்தைக்காரி எல்லார் முன்னாலும், "பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு இல்லையாடி? பட்டணத்துல அதையும் வித்துட்டியா?" என்று கேட்டாள். ஜெயக்கொடிக்கு வாய் திறந்தது, பிள்ளைக்குத் திறந்த அதே மாதிரி, சத்தம் வரவில்லை. திரும்பி வந்தவள் நேரே மூன்றாம் நம்பர் வாசலில் வந்து நின்று ஆணியில் தொங்குகிற பையையே பார்த்தாள். பை ஈரக் கம்பளி மாதிரிக் கனத்துத் தொங்கியது.

அதற்கு ஆறாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். எப்போது ஆரம்பித்தது என்று யாருக்குத் தெரியும்? காலையில் பக்கத்தில்தான் கிடந்தது, சத்தமே இல்லாமல், கை காலை ஆட்டிக்கொண்டு. கலாமணி தொட்டால் உடம்பு இட்லிக் குண்டான் மாதிரிக் கொதிக்கிறது. கண் மேலே செருகிக் கிடக்கிறது. வாய் அகலத் திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது. உள்ளுக்குள் பிள்ளை கதறிக்கொண்டிருக்கிறது, எத்தனை நாழியாகக் கதறுகிறதோ, ஒரு காதிலும் விழவில்லை. நாச்சிமுத்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்புப் போடாமல் ஓடினான்.

டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சீழ். "எத்தனை நாளா அழுவுது?"

"அழுவலீங்க."

"தொட்டாலே துடிக்கற வலிங்க இது. அழாம எப்படி இருக்கும்?"

கலாமணி புருசன் முகத்தைப் பார்த்தாள். அவன் பையைப் பற்றிச் சொன்னான். டாக்டரம்மா ஊரில் நடக்காததா என்பது போலக் கேட்டுக்கொண்டு, ஊசியை ஏற்றியபடியே சொன்னார்: "இந்தத் தடவை நான் காதைப் பார்த்தேன், தப்பிச்சுது. அடுத்த தடவை வயிறா, நெஞ்சான்னு பிள்ளைதான் சொல்லணும். சொல்ல அதுக்கு வேற வாய் இல்லை. முதல்ல அந்த அழுகையை எடுத்துக் குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் நாச்சிமுத்து ஜிப்பைத் திறந்தான். குபீரென்று எழுந்தது ஒரு ஆம்பிளை அழுகை, கடைசியாகப் போட்டவனுடையது. அறைக்குள் வௌவால் மாதிரி நாலு சுவரிலும் முட்டி, சொந்தக்காரனைக் காணாமல், மறுபடியும் உள்ளே போய் அமர்ந்துகொண்டது. அதற்குக் கீழே இருந்தது அசையவில்லை.

அந்தோணியம்மாள் கடைக்குப் போய்ப் பையை அவள் முன்னால் எறிந்தான். கத்தினான். மார்க்கெட்டே கூடியது. "எடுத்துக்கோ உன்ர பைய! எம் புள்ள அழுவையக் குடு!"

"போணி ஆன சரக்கைத் திருப்பி வாங்கற பழக்கம் எந்தக் கடையில இருக்குண்ணா?" என்றாள் அவள், மெஷினை நிறுத்தாமல். "நீ சொல்லிட்டுத்தானே வாங்கினே, எடம் இருக்குன்னு?"

"உன்ர அழுவையும் இதுல கெடக்குதா?"

"என்னோடது தையல்ல போச்சு. அது யார் வழியையும் மறிக்காது. உள்ள கெடக்கறது எல்லாம் நீ சேர்த்தது." மெஷின் நின்றது. அவள் பையைத் தொட்டுப் பார்த்தாள், பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி, குரல் இறங்கியது. "அவங்கவங்க கையாலதான் எடுக்க முடியும்ணா. மேல கெடக்கறது மொதல்ல. அடியில கெடக்கறது கடைசில. வேற வழி தைக்கறவளுக்கே தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. மதிய வெயிலில் வாசல் நடுவில் ஸ்டூல் போட்டுப் பையை வைத்தான் நாச்சிமுத்து. குழாயின் முதல் முறையைத் திருப்பிக் கொடுத்தான், கொடி மூலையைத் திருப்பிக் கொடுத்தான். யார் முந்தி யார் பிந்தி என்று ஒரு மணி நேரம் சண்டை. "நான் சம்பள நாளுக்கு அடுத்த நாள் போட்டேன்", "நீ போட்டது அமாவாசைக்கு, எனக்கு முந்தி", "மூக்கச் சிந்துனதெல்லாம் கணக்குல வராதுக்கா!" ஒருவழியாக வரிசை நின்றது. கடைசியில் போட்டவன் முதலில் வந்து, கையை விட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு, சுவரோரம் போய் உட்கார்ந்து குலுங்கினான். ஒவ்வொருத்தராக எடுத்தார்கள். எடுத்தவர்கள் எடுத்த இடத்திலேயே உடைந்தார்கள். இறக்கி வைத்த மாதிரி இல்லை, கூடியிருந்தது; உள்ளே கிடந்த நாளுக்கெல்லாம் சேர்த்து வளர்ந்திருந்தது. வாசல் முழுக்க ஜனம் அழுதது, நடுவில் சத்தமில்லாத பிள்ளையை மார்போடு அணைத்தபடி கலாமணி நின்றாள்.

அடியில் இரண்டோ மூன்றோதான் மிச்சம் என்கிறபோது பொன்னுரங்கம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"என்னால முடியாதுப்பா" என்றார் உள்ளேயிருந்து. "எட்டு வருசம் சுமந்தேன். இப்பத்தான் இஸ்திரிப் பெட்டிய எடுத்தா கை நடுங்காம இருக்குது. மறுபடி எடுன்னா எப்படி?"

நாச்சிமுத்து பேரம் பேசினான். பாதியை மட்டும் எடுங்கள் என்றான். இப்போது எடுத்து நாளை வேறு பையில் போட்டுக்கொள்ளுங்கள் என்றான். வேண்டாமென்றால் போங்கள் என்று மூன்று அடி நடந்து, திரும்பாமல் நின்றான், கதவு அசையவில்லை. கதவை உதைத்தான், "பச்சப்புள்ள செத்தா உம்ம தலையிலதான் விடியும்" என்று கத்தினான். வாழ்க்கையில் தெரிந்த வித்தை அத்தனையும் அந்தக் கதவில் பட்டுத் தெறித்து விழுந்தது. கலாமணி பிள்ளையோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவன் நெற்றியைக் கதவில் வைத்தான்.

"மாஸ்டரே. நீங்க சொல்றதுதான் வெல. ஒரு பைசா கொறச்சுக் கேக்கல. சொல்லுங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் அழுவறப்ப கூட உக்காரோணும். ஆறுதல் சொல்லக் கூடாது. ஒரு வார்த்த பேசக் கூடாது."

"சரிங்க."

"உன்னால முடியாது, நாச்சிமுத்து."

"கதவத் தொறங்க."

ஒன்றரை மணி நேரம். வெயில் ஸ்டூலை விட்டு இறங்கி, குழாய்க்குப் போய், மதில் ஏறியது. அறுபது வயது மனுசர் தரையில் கிடந்து, "சின்னப்பொண்ணு, சின்னப்பொண்ணு" என்று பொண்டாட்டி பேரைச் சொல்லி, மண்டையைச் சுவரில் இடித்துக்கொண்டு அழுதார். வாய் ஓயாதவன் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இந்த அழுகையைத்தான் பிள்ளைச் சத்தத்தின் மேல் தூக்கி வைக்க இடம் கொடுத்தோம் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அவன் நெஞ்சுக்கு எட்டியது. எழுந்து வந்தபோது அவன் சட்டையின் ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு, எல்லாருக்கும் முந்திப் போட்ட ஜெயக்கொடி தன்னுடையதை எடுத்துச் சூப்பர்வைசருக்காக அழ ஆரம்பித்து, அப்பாவுக்காக அழுது முடித்தாள். ஆகமொத்தம் போட்டவர்கள் எல்லாரும் எடுத்தாயிற்று. பிள்ளையுடையதுதான் பாக்கி என்று கலாமணி பாக்கெட்டைத் திறந்தாள்.

வந்தது பிள்ளையின் அழுகை அல்ல. துணியைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று அழுகிற அழுகை. உன்னுடையது. ஆணுடையதா பெண்ணுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாசலில் நின்ற ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் போய் நின்று பார்த்தது. யாரையும் அதற்கு அடையாளம் தெரியவில்லை. திரும்பி உள்ளே போனது. அது எழுந்து திரும்பிய அந்த ஒரு நொடி இடைவெளியில், அடியிலிருந்து, தூரத்துத் தெருவில் கேட்கிற மாதிரி, பிள்ளையின் அழுகை கேட்டது. கலாமணியின் மார்பு இரண்டும் சுரந்து ரவிக்கை நனைந்தது. கையை உள்ளே விட்டாள். உன்னுடையது பாறை மாதிரி மறித்தது.

அந்த வாரத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். பிள்ளை அழுகை உள்ளே போன மறுநாள், ஈரத்துணியை எடுத்த பிறகு கலாமணி அந்தச் சின்ன ஜிப்பை மூடி, மறுபடி திறக்காமலே பையைத் துவைத்து வாசல் கொடியில் காயப்போட்டிருந்தாள். ஜெயக்கொடி வருவதற்கு முந்தின நாள் அது. அன்றைக்கு ஒன்பதாம் நம்பர்க்காரர்கள் வீட்டைக் காலி செய்தார்கள், அவர்களுக்குச் சாமான் ஏற்ற நாலு பேர் வந்தார்கள், மூலை வீட்டு ஒடிசாப் பையன்களைப் பார்க்க ஆள் வந்தது, கேஸ் சிலிண்டர் வந்தது, அப்பளக்காரி வந்தாள். நாச்சிமுத்து தொழிலைப் போட்டுவிட்டு, பையை மொபெட்டின் முன்னால் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் போனான். சிலிண்டர்க்காரர் கையை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்பளக்காரி, "எனக்கு அழுவறதுக்கு ஏது சாமி நேரம்?" என்றாள். ஒடிசாப் பையன்கள் வரிசையாகக் கையை விட்டார்கள். ஒருவன், தன்னுடையதாக இருந்தால் நன்றாக இருக்குமே என்கிற முகத்தோடு இரண்டாம் தடவையும் விட்டுப் பார்த்தான். ஒன்பதாம் நம்பர்க்காரர்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. இந்த ஊரில் ஜனம் அப்படித்தான், ஒரு டிரங்குப் பெட்டியோடு வரும், ஒரு டிரங்குப் பெட்டியோடு போகும், விட்டுப்போனதைப் பற்றி யாருக்கும் கடிதம் போடாது.

கலாமணி இப்போது பிள்ளையை விட்டுக் கையை எடுப்பதில்லை. பிள்ளையின் பாதம் தன் கன்னத்தில் படும்படி வைத்துக்கொண்டுதான் கண்ணை மூடுகிறாள். கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடுக்கிறாள். புருசனிடம் கோபமாகப் பேசுவதில்லை, அதைவிட மோசம், தேவைக்கு மட்டும் பேசுகிறாள். அவன் திட்டச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்துவிட்டான்.

இன்றைக்குக் காலையிலிருந்து பிள்ளைக்கு மறுபடியும் உடம்பு சுடுகிறது. காது சுத்தமாக இருக்கிறது. கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொள்கிறது, பிறகு விறைத்து நீட்டுகிறது. வாய் திறக்கிறது. டாக்டரம்மா அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "எங்கே அமுக்கினாலும் ஒரே மாதிரி இருக்கே" என்று கையைப் பிசைகிறார். ஆஸ்பத்திரிப் படியில் நாச்சிமுத்து அந்தப் பையை மடியில் திறந்து வைத்துக்கொண்டு, போகிற வருகிற ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, "ஒருக்கா கைய உட்டுப் பாருங்க சாமி, உங்களோடதா பாருங்க" என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

நீ எங்கே இருந்தாலும் சரி. எதற்காக அழுதாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை, உன் முகத்தை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். தனியாகத் தூக்கமுடியாத கனம் என்றால், ஒரு வார்த்தை பேசாமல் உன் பக்கத்தில் உட்கார அவன் இருக்கிறான், உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டான். ஆனால் நீ வரவேண்டும். அந்தப் பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று அதன் அம்மாவுக்குத் தெரியவேண்டும். எழுந்திரு. பஸ் ஏறு. வந்து உன்னுடையதை எடு.